கூட்டு ஒப்பந்த ஓட்டு: நோட்டீஸ் எழுதுபவர் கவனத்துக்கு

சங்கமும் முதலாளி தரப்பும் போடும் சம்பள ஒப்பந்தத்துக்கு ஓட்டு என்றதும் மலேசியத் தோட்டத்தில் எழும் முதல் கேள்வி “எவ்வளவு ஏறுது?” என்பதுதான். கமிட்டியும் “ஆறு பெர்சென்ட்” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். புதுச் சம்பளச் சீட்டு கைக்கு வரும் மாதம்தான் சண்டை ஆரம்பிக்கும். ஆறு விழுக்காடு என்பது பொய்யில்லை. எதில் ஆறு, யாருக்கு ஆறு, எந்தத் தேதியிலிருந்து ஆறு என்று ஓட்டுக்கு முன்னால் யாரும் சீட்டை வைத்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

சங்கக் கிளைக் கமிட்டியில் நோட்டீஸ் எழுதும் வேலை யார் தலையில் விழுகிறதோ அவருக்காக இதை எழுதுகிறேன். நாட்டாமைப் பேச்சு வேண்டாம், கணக்கு போதும்.

முதலில் எந்த ஒப்பந்தம் என்று நோட்டீசின் முதல் வரியிலேயே போடுங்கள். தெலுக் இந்தான் மாதிரி தோட்டப்புற ஊரில் ஒரே வீட்டில் மூன்று ஒப்பந்தம் இருக்கலாம். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார்; அவருடையது தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் தோட்ட முதலாளிகள் அமைப்பான மாப்பாவும் போடும் ஒப்பந்தம். மகள் தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவளுடையது தோட்ட அலுவலர் சங்கத்தின் ஒப்பந்தம். மகன் டவுன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான், அங்கே கம்பெனிக்குள்ளேயே தனிச் சங்கம். “சங்கம் கையெழுத்துப் போட்டுடுச்சாம்” என்று ஒரு சேதி கோயில் வாசலில் கிளம்பினால் மூன்று பேரும் அதைத் தங்களுடையது என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஒப்பந்தத்தின் பெயர், முதலாளி தரப்பு, எந்த வகைத் தொழிலாளருக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற நான்கும் மேலே இருக்க வேண்டும். 1967-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டப்படி கூட்டு ஒப்பந்தத்தின் காலம் 3 ஆண்டுக்குக் குறையக்கூடாது. இன்று போடும் ஓட்டு குறைந்தது 3 வருடச் சம்பளத்தைக் கட்டிப்போடும். இதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

சட்டம் ஓட்டைக் கட்டாயமாக்குகிறதா என்று யாராவது கேட்பார்கள். வேலை நிறுத்தத்துக்குத்தான் தொழிற்சங்கச் சட்டம் ரகசிய வாக்கெடுப்பைக் கட்டாயமாக்குகிறது. ஒப்பந்தத்தை ஏற்பதற்கு உறுப்பினர் ஓட்டு வேண்டுமா, பேச்சுவார்த்தைக் குழுவே கையெழுத்துப் போடலாமா என்பது உங்கள் சங்கத்தின் சட்டவிதிப் புத்தகத்தில் இருக்கும். அந்த விதியின் எண்ணை நோட்டீசில் குறிப்பிடுங்கள். ஓட்டு கருத்தறிய மட்டுமா, கமிட்டியைக் கட்டுப்படுத்துமா என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். முடிவு வந்த பிறகு அதைச் சொன்னால் நீங்கள் எந்தப் பக்கம் பேசினாலும் சந்தேகம்தான் வரும்.

இனி மொழிக்கு வருவோம். தமிழ் நோட்டீசுகள் அதிகம் கெடுவது இங்கேதான். ஒப்பந்தத்தின் மூலம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதில் ‘இன்கிரிமென்ட்’ என்று ஒரு பிரிவு, ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று இன்னொரு பிரிவு. தமிழில் எழுதுபவர் இரண்டுக்கும் ‘சம்பள உயர்வு’ என்றே போட்டுவிடுவார். முதலாவது ஆண்டுதோறும் சம்பளப் படியில் ஏறுவது. சம்பள அளவின் உச்சியைத் தொட்டவருக்கு அது கிடையாது. இரண்டாவது ஒப்பந்தம் தொடங்கும்போது எல்லாருடைய அடிப்படைச் சம்பளத்தையும் ஒரே தடவை தூக்கி வைப்பது. 25 வருடம் வேலை செய்து உச்சியில் நிற்கும் ஒருவர் “வருசா வருசம் உயர்வு” என்று படித்துவிட்டு ஆமாம் என்று ஓட்டுப் போட்டால், அடுத்த ஜனவரியில் அவருக்கு ஒரு காசும் ஏறாது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முதலாவதை ‘ஆண்டுப்படி ஏற்றம்’ என்றும் இரண்டாவதை ‘ஒருமுறைச் சம்பளச் சீரமைப்பு’ என்றும் பிரித்து எழுதி, கடைசிவரை அதே சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். உச்சியில் இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று அவர்களுக்கென்றே ஒரு வரி வையுங்கள்.

போனசும் அப்படித்தான். ஒப்பந்தத்தில் இத்தனை மாதம் என்று எழுதியிருந்தால் அது உரிமை. ‘நிர்வாகத்தின் விருப்பப்படி’ என்று இருந்தால் அது அவர்கள் கொடுத்தால் உண்டு. தீபாவளிக்கு முன் கையில் காசு வருவதைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றாகத் தெரியும். விலை சரிந்த வருடம்தான் வித்தியாசம் தெரியும்.

சரி, கணக்கு. மாதச் சம்பளக்காரருக்கும் டன் கணக்கில் வெட்டுபவருக்கும் ஒரே அட்டவணை போடாதீர்கள்.

மாதச் சம்பளத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. இப்போதைய அடிப்படை 1,780 வெள்ளி (ரிங்கிட்), சீரமைப்பு 6 விழுக்காடு. புதுச் சம்பளம் 1,886 வெள்ளி 80 காசு. ஏறியது 106 வெள்ளி 80 காசு. ஆனால் கைக்கு அவ்வளவு வராது. இ.பி.எஃப். எனும் தொழிலாளர் சேமநிதிக்கான பிடிப்பு அட்டவணையில் 20 வெள்ளிச் சம்பளப் படியாக ஏறும். சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கப்படுபவருக்கு 196 வெள்ளியாக இருந்தது 209 ஆகிறது, அதாவது 13 வெள்ளி கூடுதல் பிடிப்பு. சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் கூடுதல் பிடிப்பு சேர்ந்து 70 காசு. கையில் கூடுவது 93 வெள்ளி 10 காசு. “நூறுக்கு மேல ஏறும்னீங்களே, தொண்ணூறுதானே வந்திருக்கு” என்ற வாதம் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வரும். ஓட்டுக்கு முன்பே 93 என்று எழுதிவிட்டால் வராது. முதலாளி கட்டும் 13 விழுக்காடும் கூடவே ஏறுகிறது. அது சேமநிதியில்தான் தெரியும் என்று பக்கத்திலேயே போடுங்கள்.

ஓவர்டைம் கணக்கையும் சேருங்கள். வேலைச் சட்டப்படி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து ஒரு நாள் கூலி, அதை 8-ஆல் வகுத்து ஒரு மணி, அதற்கு ஒன்றரை மடங்கு. 1,780-க்கு மணிக்கு 12 வெள்ளி 84 காசு, 1,886.80-க்கு 13 வெள்ளி 61 காசு. மணிக்கு 77 காசு கூடுகிறது. மாதம் 40 மணி ஓவர்டைம் பார்க்கும் ஆலைத் தொழிலாளிக்கு அது ஏறக்குறைய 31 வெள்ளி. ஓவர்டைமுக்கு இ.பி.எஃப். பிடிப்பு இல்லை என்பதால் அது பெரும்பாலும் முழுசாகவே கைக்கு வரும். சீசனில் இரவு பகலாக ஓடும் ஆலையில் இந்த ஒரு வரிதான் பலருடைய ஓட்டை முடிவு செய்யும். இதை விட்டுவிட்ட நோட்டீசுகளைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

விழுக்காடா, மொத்தத் தொகையா என்று கமிட்டிக்குள்ளேயே சண்டை வரும். எல்லாருக்கும் 120 வெள்ளி என்பதையும் 6 விழுக்காடு என்பதையும் ஒப்பிட்டால் 2,000 வெள்ளிச் சம்பளத்தில் இரண்டும் சமம். அதற்குக் கீழே உள்ளவருக்கு 120 வெள்ளி லாபம், மேலே உள்ளவருக்கு 6 விழுக்காடு லாபம். உங்கள் கிளையில் 2,000-க்குக் கீழே எத்தனை பேர், மேலே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஓட்டு எப்படிப் போகும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

டன் கணக்கு வேறு கதை. இதைப் பொறுமையாக விளக்காமல் குலை வெட்டுபவர்களிடம் ஓட்டுக் கேட்கக் கூடாது. 2025 பிப்ரவரி 1 முதல் 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்திலும், அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் எல்லா இடத்திலும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. டன் கணக்கில் வேலை செய்பவருக்கும் மாதச் சம்பளம் அதற்குக் குறையக்கூடாது. குறைந்தால் தோட்டம் மீதியைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இப்போது ஒரு கற்பனை விலை வைத்துக்கொள்வோம்: டன்னுக்கு 40 வெள்ளியாக இருந்தது புது ஒப்பந்தத்தில் 43 ஆகிறது. கொடுத்த நாளெல்லாம் வேலைக்கு வந்து மாதம் 36 டன் வெட்டும் ஒருவர் பழைய விலையில் 1,440 சம்பாதிக்கிறார், 260 சேர்த்து 1,700 வாங்குகிறார். புது விலையில் 1,548; 152 சேர்த்து அதே 1,700. விலை ஏறியது உண்மை, ஒப்பந்தத்தில் வெற்றி என்றும் எழுதலாம். அவர் கைக்கு ஒரு காசு கூடவில்லை. தோட்டம் சேர்த்துக் கொடுக்கும் தொகைதான் குறைந்தது.

அதே விலையில் 45 டன் வெட்டுபவருக்கு 1,800 இருந்தது 1,935 ஆகிறது, 135 வெள்ளி ஏற்றம். 41 டன்காரருக்குப் பழைய கணக்கில் 1,640, சேர்த்து 1,700. புதுக் கணக்கில் 1,763, ஏற்றம் 63 வெள்ளி. பழைய விலையில் 1,700-ஐத் தாண்ட 42.5 டன் வேண்டும், புது விலையில் 40 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஏறத்தாழ 40 டன் என்ற கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்த ஏற்றத்தால் பயனில்லை என்று நோட்டீசில் அப்பட்டமாக எழுதுங்கள். வயசான மரம், உயரமான மரம், மேட்டு நிலம், வெள்ளம் நிற்கும் பிளாக்கு இவையெல்லாம் யாருடைய நிரையில் விழுகின்றனவோ அவர்கள்தான் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே. அவர்களுக்கு உதவக்கூடியது டன் விலை அல்ல. உயர மரத்துக்கான தனி விலையும், உதிரிப் பழத்துக்கான விலையும், வேலை கொடுக்காத நாளுக்கான விதியும்தான் உதவும். ஒப்பந்தத்தில் அவை மாறியிருக்கின்றனவா இல்லையா என்பதைத் தலைப்பாகவே போடலாம். ரப்பர் மரம் வெட்டுபவர்களுக்கும் இதே தர்க்கம்தான், கிலோவை வைத்துப் போடுங்கள். மழையில் வெட்டு நின்ற நாளை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்ற பிரிவை மட்டும் கூடுதலாகப் பாருங்கள்.

குறைந்தபட்சச் சம்பளத்தில் இன்னொரு கண்ணி உண்டு. ஒப்பந்தக் காலத்தில் அரசாங்கம் மறுபடி அதை உயர்த்தினால், ‘சட்டப்படி ஏறும் தொகை இந்த ஒப்பந்தத்தில் ஏறும் தொகையில் கழித்துக்கொள்ளப்படும்’ என்று ஒரு வாக்கியம் எங்காவது பின்பக்கத்தில் இருக்கும். தேடிக் கண்டுபிடியுங்கள். 1,500-லிருந்து 1,700-க்குப் போனபோது என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும்: நேற்று சேர்ந்தவர் 200 வெள்ளி ஏறி 1,700-க்கு வந்தார், வருடக்கணக்காக வேலை செய்து 1,690-ல் இருந்தவர் 10 வெள்ளி ஏறி அதே 1,700-ல் நின்றார். சர்வீசுக்கு ஏற்ற இடைவெளியை ஒப்பந்தம் திருப்பித் தருகிறதா என்பதுதான் பழைய ஆட்களின் கேள்வி. அதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் இருக்க வேண்டும்.

நிலுவைத் தொகை பற்றி மூன்று விஷயம் எழுதினால் போதும். முன்தேதி எது. ஓவர்டைமையும் புது விலையில் திருப்பிக் கணக்கிடுகிறார்களா, அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமா. கையெழுத்தாகும் தேதிக்கு முன் ஓய்வு பெற்றவருக்கும் வேலையை விட்டவருக்கும் உண்டா. ‘கையெழுத்துத் தேதியில் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்’ என்ற வாக்கியம் சகஜமாக வரும். போன மாதம் ஓய்வு பெற்றவரின் வீடு அடுத்த லயத்தில்தான் இருக்கும். நிலுவைச் சம்பளத்துக்கும் இ.பி.எஃப். பிடிப்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

இட மாற்றம், பதவி உயர்வு, ஆள் எடுப்பது, ஆள் குறைப்பது, வேலை பிரித்துக் கொடுப்பது இவையெல்லாம் ஏன் ஒப்பந்தத்தில் இல்லை என்று கேட்பவர்களுக்கு: அவற்றை ஒப்பந்தக் கோரிக்கையில் சேர்க்கத் தொழிலுறவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு விடுவதில்லை.

‘வேண்டாம்’ ஜெயித்தால் என்ன ஆகும்? இதைக் கமிட்டிகள் ஒன்று பூதமாகக் காட்டும், அல்லது பேசாமல் மறைக்கும். இரண்டுமே தப்பு. பழைய ஒப்பந்தத்தின் சம்பளமும் சலுகையும் புதியது வரும்வரை அப்படியே தொடரும். பேச்சு மறுபடி தொடங்கலாம். முதலாளி தரப்பு மறுத்தால் தொழிலுறவு இலாகாவில் தகராறாகப் பதிவு செய்யலாம், அங்கே சமரசப் பேச்சு நடக்கும். அங்கிருந்து தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போவது தானாக நடக்காது. போனாலும், தீர்ப்பின் முன்தேதி வழக்கு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்கு மேல் பின்னோக்கிப் போக முடியாது. ஒரு வருட நிலுவை இப்போது மேசையில் இருந்தால், மறுப்பதால் இழக்கக்கூடியது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டலாம். சம்பளச் சீரமைப்பில் நீதிமன்றம் 3 ஆண்டு விலைவாசிக் குறியீட்டு ஏற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கை அளவுகோலாகப் பார்ப்பது வழக்கம். முதலாளி தருவதாகச் சொல்லும் தொகை அதற்கு மேலா கீழா என்பதையும் பக்கத்தில் வைத்தால் உறுப்பினர் தானே எடை போட்டுக்கொள்வார்.

இன்னொன்று: ஒப்பந்தம் வேண்டாம் என்ற ஓட்டு வேலை நிறுத்த ஓட்டு அல்ல. வேலை நிறுத்தத்துக்குத் தனியாக ரகசிய வாக்கெடுப்பு வேண்டும். ஓட்டுரிமை உள்ள மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும், வந்து போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு போதாது. முடிவைத் தொழிற்சங்க விவகார இலாகாவுக்கு அனுப்பி 7 நாள் கழியாமல் இறங்க முடியாது. இதைத் தெளிவாக எழுதாவிட்டால், “வேண்டாம்னு போட்டா ஸ்ட்ரைக்கு, வீட்டுல அடுப்பெரியாது” என்று யாராவது வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

சேதியை எப்படிக் கொண்டுபோவது? ஓட்டுக்குப் பத்து நாள் முன்பாவது ஒரு தாள், இரண்டு பக்கம், பெரிய எழுத்து. முதல் பக்கத்தில் கணக்கு, இரண்டாம் பக்கத்தில் கிடைக்காதவையும் விட்டுக்கொடுத்தவையும். ‘விட்டுக்கொடுத்தவை’ என்ற தலைப்பைப் பார்த்துக் கமிட்டி தயங்கும். போட்டே ஆக வேண்டும். கமிட்டி சொல்லாததை வேறொருவர் ஆடியோவாகப் போடுவார், மூன்று மடங்கு பெரிதாக்கி. மேல் மூலையில் தேதியும் ‘இரண்டாம் பதிப்பு’ என்பது போன்ற குறிப்பும் இருக்கட்டும். திருத்தம் வந்தால் எது பழசு என்று தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் 40 பக்கக் கோப்பை அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். அதே தாளைப் படமாக எடுத்து அனுப்புங்கள், கூடவே இரண்டு நிமிட ஆடியோ. படிக்கத் தெரியாதவருக்கும் கண் மங்கியவருக்கும் ஆடியோதான் நோட்டீஸ். இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களுக்கு மலாயிலும் அவரவர் மொழியிலும் வேண்டும். ஒப்பந்தம் சங்கத்தில் இல்லாதவரையும் கட்டுப்படுத்தும், பலனும் அவருக்குக் கிடைக்கும். ஓட்டு மட்டும் உறுப்பினருக்குத்தான். ஓட்டு வேண்டுமானால் சேரட்டும் என்பதற்கும் இது நல்ல சமயம்.

வாட்ஸ்அப் கருத்துக்கணிப்பை ஓட்டாக எடுத்துக்கொள்ளும் கிளைகள் உண்டு. யார் எதைத் தொட்டார் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும், குழுவில் வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் இருப்பார், போன வருடம் வேலையை விட்டவரும் இருப்பார். அது ஓட்டே அல்ல.

விளக்கக் கூட்டத்துக்கு வருபவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: போன மாதச் சம்பளச் சீட்டோடு வாருங்கள். மேசை போட்டுக் கமிட்டி ஆள் இருவர் கால்குலேட்டரோடு உட்கார்ந்தால், ஒருவருக்கு நான்கு நிமிடம் வீதம் இரண்டு மணி நேரத்தில் 60 பேருக்குப் போட்டுக் காட்டிவிடலாம். மேடைப் பேச்சு ஒரு மணி நேரம் பேசினாலும் இந்த நான்கு நிமிடத்துக்கு ஈடாகாது.

ஓட்டு நாள். உறுப்பினர் பட்டியலை ஆபீஸ் சந்தாப் பிடிப்புப் பட்டியலோடு ஒரு வாரம் முன்பே ஒத்துப் பாருங்கள். சந்தா பிடிக்கத் தொழிலாளி எழுதிக் கொடுத்த கடிதம் வேண்டும். தோட்டம் கைமாறினாலோ கிராணி மாறினாலோ அந்தக் கடிதம் காணாமல் போய் இரண்டு மாதம் பிடிப்பு நின்றிருக்கும், அவருக்கே தெரியாது. ஓட்டு மேசையில் வைத்து “உங்க பேர் இல்லை” என்று சொல்வது பெரிய அவமானம். நேரத்தைப் பொறுத்தவரை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆள் காட்டுக்குள் போகும் முன்பும், மதியம் வேலை முடிந்து திரும்பும்போதும் என்று இரண்டு வேளை திறந்திருக்கட்டும். ஆலைக்கு ஷிப்ட் மாறும் நேரம் இரண்டும் வேண்டும். ஆபீஸ் வாசலில் பெட்டியை வைக்காதீர்கள். மேனேஜர் துரை ஜன்னலிலிருந்து பார்க்கிறார் என்ற நினைப்பே போதும், ரகசியம் போய்விடும். கோயில் மண்டபமோ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய ஆயாக் கொட்டகையோ பரவாயில்லை.

ஓட்டுச் சீட்டில் ஒரே கேள்வி: ‘இந்த ஒப்பந்த வரைவை ஏற்கிறேன்’, ‘ஏற்கவில்லை’. ‘நிராகரிக்க வேண்டாம் என்று கருதுகிறீர்களா’ என்பது போல எழுதிய சீட்டும் உலகத்தில் உண்டு. சீட்டில் எண் போடாதீர்கள், அடிக்கட்டையில் மட்டும் எண். அச்சடித்தது எத்தனை, கொடுத்தது எத்தனை, மீதி எத்தனை என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதி இருவர் கையெழுத்துப் போடட்டும். பெட்டியைத் திறந்ததும் முதலில் மொத்தச் சீட்டை எண்ணுங்கள், பிறகு பிரியுங்கள். கொடுத்தது 212, பெட்டியில் 211 என்றால் அந்த ஒன்றைப் பற்றியும் அங்கேயே எழுதுங்கள். யாரோ சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார், அது குற்றமில்லை. மறைத்தால்தான் பேச்சு வரும். செல்லாத ஓட்டு எத்தனை, ஏன் செல்லாது என்பதும் முடிவோடு வெளியாக வேண்டும். சிறிய கிளைகளின் முடிவைத் தனித்தனியாகச் சொல்லாமல் வட்டார மொத்தமாகச் சொல்வது நல்லது. 9 பேர் உள்ள பிரிவில் 9 பேரும் ‘ஏற்கவில்லை’ என்று வந்தால் ரகசியம் எங்கே?

ஏற்கப்பட்டால் கையெழுத்தான நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் ஒப்பந்தத்தைத் தொழிலியல் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். நீதிமன்றம் அங்கீகரித்து ஓர் எண் கொடுக்கும். அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். பின்னால் ஒப்பந்தப்படி கொடுக்கவில்லை என்று தொழிலுறவுச் சட்டத்தின் 56-ஆம் பிரிவில் புகார் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான். புதுச் சம்பளம் வரும் மாதம் ஏழாம் தேதிக்குள் சீட்டு கைக்கு வந்துவிடும். குலை வெட்டுபவர், ஆலைத் தொழிலாளி, சம்பள அளவின் உச்சியில் இருப்பவர் என்று வகைக்கு மூவரின் சீட்டை வாங்கி, ஓட்டுக்கு முன் கொடுத்த தாளோடு வைத்துப் பாருங்கள்.